கையேட்டுத் துருக்கியர்

இஸ்தான்புல்லில் வந்து இறங்கும் பயணிகளில் ஒரு வகையினர் கையேட்டுத் துருக்கியர். பிறப்பால் இவர் ஜெர்மானியராகவோ கொரியராகவோ கும்பகோணத்துக்காரராகவோ இருக்கலாம். துருக்கியராவது விமானத்தில், சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போனபின் மிஞ்சும் மூன்று மணி நேரத்தில்தான். கையில் பயணிகளுக்கான சின்னக் கையேடு ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் அதே சரக்கு கைப்பேசியில். இறங்குவதற்குள் இருபது வாக்கியம் நெட்டுருவாகியிருக்கும். கடவுச்சீட்டு வரிசையில் 'மெர்ஹபா' என்று கம்பீரமாக வணக்கம் வைப்பார். அதிகாரி மகிழ்ந்துபோய்ப் பதிலுக்கு ஏதோ கேட்பார். இவருடைய துருக்கி மொழி அத்தோடு தற்காலிகமாக நிற்கும்.

கேள்வி கேட்கத் தெரியும், பதில் புரியாது என்பதே இந்த வகையின் அடிப்படை லட்சணம். உச்சரிப்பு மோசமாக இருப்பவருக்கு வழிப்போக்கர்கள் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். திருத்தமாகக் கேட்பவர் பாடுதான் திண்டாட்டம். கலாத்தா கோபுரம் எங்கே என்று சுத்தமான துருக்கியில் கேட்டால், சந்து, படிக்கட்டு, மருந்துக்கடை, சித்தப்பா மகன் கடை எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடத்துக்கு விடை வரும். கையேட்டுத் துருக்கியர் கடைசிவரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, முதலில் கை நீண்ட திசையில் நடப்பார். அடுத்த முனையில் மறுபடி அதே கேள்வி.

தலையாட்டுவதிலும் ஆபத்து உண்டு. துருக்கியில் தலை கீழே இறங்கினால் ஆமாம். புருவத்தை உயர்த்தி, முகவாயை லேசாக மேலே தூக்கி, நாக்கால் 'ச்' என்று ஒரு சத்தம் எழுப்பினால் இல்லை. பக்கவாட்டில் ஆட்டினால் புரியவில்லை என்று அர்த்தம். தமிழ்க் கிளையைச் சேர்ந்தவர் 'சரி சரி' என்று தலையை இருபுறமும் அசைக்க அசைக்க, எதிரில் இருப்பவர் இன்னும் உரக்க, முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார். அறை காலி உண்டா என்று கேட்ட இடத்தில் விடுதிக்காரர் 'ச்' கொட்டினால், ஐயோ பாவம் என்று தனக்காகப் பரிதாபப்படுகிறார் என நினைத்து இவர் உருகி நிற்பதும் உண்டு. அவர் சொன்னது 'யோக்', அதாவது இல்லை. 'வார்' என்றால் உண்டு. இந்த இரண்டு சொல்லும் ஒரு நாளில் பாதியை ஓட்டிவிடும் என்பது கையேட்டின் நாற்பதாம் பக்கத்தில் இருக்கும். இவர் அதுவரை வந்திருக்க மாட்டார்.

எழுத்து இன்னொரு வலை. 1928-இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியபோது, துருக்கி மொழி அந்த எழுத்துகளுக்குத் தன் வசதிப்படி ஒலி கொடுத்துக்கொண்டது. ஆங்கிலப் பள்ளியில் படித்த கண்ணுக்குத் தெருப்பலகைகள் எல்லாம் 'கடேசி, கடேசி' என்று முடியும். ஊரில் முதல் தெருவே கிடையாதோ என்று சந்தேகம் வரும். அது 'ஜாத்தேசி', பெருந்தெரு என்று பொருள். ஆங்கில 'சி' அங்கே 'ஜ'. ஆனால் தமிழருக்கு ஒரு சலுகை இருக்கிறது. மேலே புள்ளியில்லாத 'ஐ' எழுத்தின் ஒலி ஐரோப்பியர் பலரின் வாயில் நுழையாது. 'பாட்டு', 'நாக்கு' என்ற சொற்களின் கடைசியில் இதழ் குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரம்தான் அது. தொல்காப்பியர் காலத்துச் சொத்து கையிலிருந்தும், இவர் அதை 'இ' என்றே சொல்லித் தீர்ப்பார். அலுத்துவிட்டது என்று துருக்கியில் சொல்லும்போது அந்த உகரம் இகரமானால், அச்சில் ஏற்ற முடியாத சொல் ஒன்று பிறக்கும். மேசை முழுக்க மௌனமாகும்.

சொல்லே தேவையில்லை, சைகை போதும் என்ற முடிவுக்கு இவர் வருவது பெரும்பாலும் இரண்டாம் நாள் இரவு, கபாப் கடையில். சமைத்தவரைப் பார்த்துக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கி 'பிரமாதம்' என்று காட்டுவார். துருக்கியில் அந்த வளையம் வசவு. ஐந்து விரல் நுனியையும் குவித்து மேல்நோக்கிப் பிடித்து மெல்ல அசைப்பதுதான் அங்கே பாராட்டு. 'எலினிஸே சாலுக்', உங்கள் கைக்கு ஆரோக்கியம் என்று வாயால் சொல்லிவிட்டால் இன்னும் உத்தமம். சமைத்தவர் மார்பில் கைவைத்துக் குனிவார்.

உண்மையில் துருக்கி மொழியில் பேச்சு பாதிக்குமேல் இப்படிப்பட்ட வாழ்த்துகளால்தான் ஓடுகிறது. வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகிறவர் 'கொலாய் கெல்சின்' (எளிதாக முடியட்டும்) என்பார். நோயாளிக்கு 'கெச்மிஷ் ஓல்சுன்' (கடந்து போகட்டும்). முடி வெட்டிக்கொண்டவருக்கு ஒன்று, புதுச்சட்டை போட்டவருக்கு ஒன்று. தும்மினால் 'ச்சோக் யாஷா', நிறைய நாள் வாழ்க. நம் பாட்டிமார் 'நூறாயுசு' என்பது போல. தும்மியவர் சும்மா இருக்கக் கூடாது, அதை நீயும் இருந்து பார் என்று திருப்பிச் சொல்ல வேண்டும். கையேட்டுத் துருக்கியரோ தூதரகம் எங்கே, என் பெட்டி தொலைந்துவிட்டது, எனக்கு நிலக்கடலை ஒவ்வாது என்பவற்றை மனப்பாடம் செய்து வந்திருப்பார். பெட்டி தொலையவே தொலையாது. தும்மல் மட்டும் நாளுக்கு நாலு வரும்.

உறவுமுறையில் தமிழ்க் கிளைக்குக் கொஞ்சம் கை கொடுக்கும். தெரியாதவரை 'ஆபி' (அண்ணே), 'ஆப்லா' (அக்கா) என்றழைப்பது அங்கேயும் வழக்கம். மரியாதை கூட வேண்டுமானால் பெயருக்குப் பின்னால் 'பே', பெண்ணானால் 'ஹானும்'. குடும்பப் பெயரைத் தேட வேண்டாம். அது சட்டப்படி கட்டாயமானதே 1934-இல்தான். 'தெய்ஸே' என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். பெரியம்மா, சித்தி என்ற முறையில் வருவது அது. நாற்பது வயதுக் கடைக்காரம்மாளிடம் இதைச் சொல்லிவிட்டு விலை குறைக்கக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதை, சென்னைப் பேருந்தில் கல்லூரி ஆசிரியையை 'ஆன்ட்டி' என்றழைத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இவரை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் தொல்முஷில் பார்க்க வேண்டும். தொல்முஷ் என்றால் நிரம்பியது. நம் ஊர் ஷேர் ஆட்டோவின் பெரியண்ணன். நடத்துநர் கிடையாது. பின்வரிசையில் இருப்பவர் கட்டணத்தை முன்னால் இருப்பவரிடம் கொடுக்க, அது கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போகும். சில்லறை அதே வழியில் திரும்பும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கையேட்டுத் துருக்கியரின் தோளை யாரோ தட்டி ஒரு நோட்டை நீட்டுவார்கள். இவர் நெகிழ்ந்துபோய், விருந்தோம்பலுக்குப் பேர்போன நாடல்லவா என்று எண்ணி, 'ஹயிர், தெஷெக்கூர் எதெரிம்', வேண்டாம் நன்றி, என்று திருப்பிக் கொடுப்பார். நோட்டு மறுபடி வரும். இவர் மறுபடி மறுப்பார். மூன்றாம் முறை ஒரு கிழவர் எட்டி, இவர் தலைக்கு மேலாக அதை ஓட்டுநரிடம் சேர்ப்பார். இறங்கும் இடத்தில் 'முசாயித் பிர் யெர்தே', வசதியான இடத்தில், என்றால் போதும், இவர் 'துர்!' என்று கத்துவார். அது 'நில்லுடா' அளவுக்கு மொட்டையான ஏவல். வண்டி என்னவோ உடனே நிற்கும்.

தேநீர் விஷயத்தில் தமிழ்க் கிளை பால் கேட்கும். பால் கிடையாது. இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் சுடச்சுட வரும். விளிம்பைப் பிடித்துத்தான் குடிக்க வேண்டும். முயல் ரத்த நிறம் என்று அவர்களே பெருமைப்படும் சிவப்பு. காலியாக ஆக நிரப்புவார்கள். போதும் என்பதற்குக் கரண்டியைக் குவளையின் மேல் குறுக்கே வைக்க வேண்டும். இது தெரியாமல் ஏழாவது குவளையில் வியர்த்து உட்கார்ந்திருப்பவர்களை எந்தக் கம்பளக் கடையிலும் காணலாம். தேநீர் குடித்ததால் கம்பளம் வாங்கியாக வேண்டும் என்பதில்லை. இவராக ஒரு விலை சொல்லி, கடைக்காரர் அதற்குச் சம்மதித்த பிறகு நழுவுவதுதான் தவறு. சும்மா வெளியே வருபவரையும் 'தெக்ரார் பெக்லெரிஸ்' என்று வழியனுப்புவார்கள். தகராறுக்கு அழைக்கிறார் என்று தமிழர் நடையை எட்டிப் போடுவார். சொல் இரண்டு மொழிக்கும் ஒரே அரபு வழி வந்ததுதான். நமக்கு அது சண்டை, அவர்களுக்கு 'மறுபடி'. மறுபடி வாருங்கள், காத்திருப்போம் என்கிறார் பாவம்.

வெளியூர்ப் பேருந்தில் உதவியாள் ஒரு புட்டியோடு வருவார். கையை நீட்டினால் குளிர்ச்சியாக ஊற்றுவார். எலுமிச்சை மணக்கும். கோவில் பழக்கத்தில் வலக்கை தானாகக் குழிந்து உதட்டுக்குப் போகும். அது கொலோன்யா, பெரும்பகுதி சாராயம், கையில் தேய்த்துக்கொள்ள வேண்டியது. தீர்த்தம் என்று உறிஞ்சியவர் அங்காரா வரை தண்ணீர் கேட்டுக்கொண்டே போவார்.

வீட்டுக்கு அழைத்தால் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். இந்தப் பாடத்தில் தமிழர் பிறவியிலேயே தேறியவர். ஆனால் அதோடு முடியவில்லை. வீட்டுக்குள் போட்டுக்கொள்ள வேறு செருப்பு கொடுப்பார்கள். வெறுங்காலோடு நடந்தால் வீட்டம்மாள் ஜோடியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார். குளிர்ந்த தரை வயிற்றுக்கு ஆகாதாம்.

விடைபெறும்போது இவர் மறக்காமல் 'க்யுலே க்யுலே' என்பார். சிரித்துச் சிரித்துப் போ என்று பொருள். வழியனுப்புகிறவர் சொல்ல வேண்டியது. போகிறவர் சொல்வது 'ஹோஷ்ச்சா காலுன்'. வீட்டம்மாள் திருத்தாமல், தானும் அதையே சொல்லிவிட்டு உள்ளே ஓடி ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, டாக்சி நகர்ந்ததும் அதன் பின்னால் தெருவில் விசிறி ஊற்றுவார். தண்ணீர்போல் தடையில்லாமல் போய்த் திரும்பட்டும் என்பது வழக்கம். ஊருக்குப் புறப்பட்டவர் தெரு தாண்டும்வரை வாசலைக் கழுவக் கூடாது என்று வளர்ந்த தமிழர் பின்கண்ணாடி வழியே அதைப் பார்த்து வெலவெலத்துப்போய், கையேட்டைப் பிரித்து, 'நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?' என்பதற்குத் துருக்கியில் என்ன என்று தேட ஆரம்பிப்பார்.