பணம் வந்தால் தூக்கம் போகுமா?

கேள்வி: பணம் சேரச் சேர மகிழ்ச்சியைவிடக் கவலைதான் அதிகம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அப்படிச் சொல்பவர் யாரும் இருப்பதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியானதாகத் தெரியவில்லை! கவலை உண்டு, மறுக்கவில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றதும் பீரோவில் கட்டுக்கட்டாக வைத்திருந்தவர்களுக்குத் தூக்கம் போனது. ஆனால் வங்கி வாசலில் கால்கடுக்க நின்றது யார்? அரிசி டப்பாவில் நாலு நோட்டு ஒளித்துவைத்த பாட்டிகள்தான். பணக்காரருக்காகக் கவலைப்பட ஆடிட்டர் உண்டு; பாட்டியின் கவலையைப் பாட்டியேதான் பட வேண்டும். இன்னொன்று: வங்கி திவாலானால், அங்கே ஒருவர் போட்ட பணத்துக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு. அதற்கு மேல் போட்டிருந்தால் தாராளமாகக் கவலைப்படுங்கள். இல்லையென்றால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். கரண்ட் பில்லாவது குறையும்.