சிரட்டைக்குள் ஒரு சம்சாரம்

தேரிக்காட்டுச் செம்மணலும் பனையும் முருங்கையும் சூழ்ந்த திசையன்விளையில் பிறந்த ஒருவர், ஊர் வழக்கப்படி இளமையிலேயே சென்னைக்குப் போய், மளிகைக் கடையில் பொட்டலம் மடித்து, பின்பு தாமே கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, முதுமை எட்டிப்பார்க்கும் சமயத்தில் கடையை மைத்துனர் பொறுப்பில் விட்டுவிட்டு ஊர் திரும்பினால், எஞ்சிய காலத்தைக் கழிப்பதற்குச் சம்பிரதாயமான மார்க்கங்கள் சில அவருக்கு உண்டு. கோவில் கொடைக் கமிட்டியில் பொருளாளர் ஆகலாம். வாழை போட்டு நஷ்டப்படலாம். வட்டிக்குக் கொடுத்து லாபப்படலாம். ஒன்றும் இல்லாவிட்டால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அரசாங்கத்தை நடத்தலாம். இவற்றில் எதையும் நாடாமல், அமேசான் ஓடைகளில் இலைச்சருகுக்கு அடியில் வாழும் இரண்டங்குல, மூன்றங்குல மீன்களின் இல்லறத்தைச் சீர்செய்யும் பாரத்தைத் தம் தலையில் ஏற்றுக்கொள்பவர் ஒருவர் இருக்கிறார். அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம்; ஊரும் அப்படித்தான் அழைக்கிறது.

சென்னையில் கொளத்தூர் வண்ணமீன் கடைகளின் பக்கம் போய்வந்த நாள்களில் பற்றிய வியாதி இது. ஆரம்பத்தில் அவரும் எல்லோரையும்போல் தங்கமீன் வளர்த்தவர்தாம். இப்போது அதை ஒப்புக்கொள்ள மாட்டார். தங்கமீன், அவருடைய சித்தாந்தப்படி, பல் டாக்டர் வீட்டுக் கூடத்தில் காத்திருப்போர் கண்ணுக்காக ஏற்பட்ட ஜந்து. கப்பி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்னோ வாஸ்து பார்க்கிறவர்களுக்கு. புத்தியும் பொறுமையும் உள்ள மனிதனுக்கு ஈசுவரன் படைத்தது குள்ளச் சிக்லிட் ஒன்றே. அதிலும், கொண்டைக் கிளிபோல் முதுகுத் துடுப்பை உயர்த்திக்கொண்டு திரிவதால் ககட்டுவாய்டிஸ் என்று பெயர் பெற்ற அபிஸ்டோகிராம்மா ஒரு தொட்டியில். வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுச் சமவெளியிலிருந்து வந்து 1948-இல் ராமிரெசி என்று நாமகரணம் செய்யப்பட்ட ‘ராம்’ மற்றொரு தொட்டியில். பெயரைக் கேட்டுவிட்டுக் கைகூப்பிய பக்தர்களும் உண்டு.

வீட்டுக்கு வருகிற விருந்தாளியின் அவஸ்தை தனி. நாற்காலியைத் தொட்டிக்கு நேரே போட்டு அவரை உட்காரவைத்துவிட்டு அண்ணாச்சி பக்கத்தில் நின்றுகொள்வார். தொட்டியில் தெரிவது தேயிலைக் கஷாயம் போன்ற தண்ணீர், கறுத்த வாதாம் இலைகள், கவிழ்த்துவைத்த தேங்காய்ச் சிரட்டை ஒன்று. மீனைக் காணோம்.

“தொட்டியக் கழுவி ரொம்ப நாளாச்சோ அண்ணாச்சி?”

“கழுவக் கூடாது. இலைச் சாறு இறங்கினாத்தான் அதுக்கு நம்ம ஊருன்னு ஒரு நெனப்பு வரும்.”

“மீன் எங்க?”

“சிரட்டைக்குள்ள இருக்கு. அசையாம இருங்க, எட்டிப் பாக்கும்.”

விருந்தாளி அசையாமல் இருப்பார், காப்பி ஆறும். கடைசியில் மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒன்று சிரட்டையின் வாயிலில் க்ஷணநேரம் தோன்றி மறையும். ஒரு முறை உவரி அந்தோணியார் கோவிலுக்குப் போகிற வழியில் வந்திறங்கிய வயதான அத்தை, அந்த ஒரு க்ஷணத்திலேயே வேண்டிய அளவு பார்த்துவிட்டு, “ஏல, இது சிலேபிக் குஞ்சுல்லா!” என்றார். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை; சொல்லவும் முடியாது. 1952-இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, குளம் குட்டை ஒன்று பாக்கியில்லாமல் நிறைந்துவிட்ட அந்தச் சிலேபியும் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்ததே என்பதும், அத்தையின் வாக்கு விஞ்ஞானரீதியாகப் பிசகற்றது என்பதும் அவருக்குத் தெரியும். பணக்காரச் சம்பந்தியின் முன்னால் ஏழைப் பங்காளியின் பெயரை எடுத்ததுபோல் அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

ஆனால் அத்தையெல்லாம் ஒரு சத்துருவா? மெய்யான சத்துரு அவர் காலடியில் இருக்கிறது. திசையன்விளைக்கு அருகே ஆயன்குளத்தில் ஒரு கிணறு உண்டு. 2021-ஆம் வருஷத்துப் பெருமழையில் வெள்ளத்தை அதற்குள் திருப்பிவிட, வாரக்கணக்கில் குடித்தும் அது நிரம்பவில்லை. ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது, சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து வல்லுநர்கள் வந்து ஆராய்ந்து, பூமிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை கரைந்து குகைவழிகள் உண்டாகியிருக்கின்றன என்று கண்டார்கள். ஊரார் அதிசயித்தார்கள், அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டார். சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிற தண்ணீர் கடினமான தண்ணீர், காரத்தன்மை உடையது. அவருடைய மீன்களோ, மழைநீருக்குச் சமானமான மென்மையும் சற்றே புளித்த அமிலத்தன்மையும் இல்லாவிட்டால் முட்டையை லேசில் பொரிக்க மாட்டோம் என்று விரதம் பூண்டவை. தண்ணீரின் உப்பை அளக்கிற பேனா போன்ற கருவியை அவற்றின் தொட்டியில் முக்கினால் நூறுக்குள் நிற்க வேண்டும். வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் முக்கினாலோ அது ஆயிரத்தைத் தாண்டி ஓடுகிறது. அமிலத் துளிகளை விட்டுப் பார்த்தார். இரவில் ஏறிய அமிலத்தன்மை விடிவதற்குள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. நீரில் கரைந்திருந்த பைகார்பனேட், விட்ட அமிலத்தையெல்லாம் விழுங்கிவிட்டு இன்னும் கொண்டா என்றது. ஆயன்குளத்துக் கிணற்றின் குணம் ஊர்த் தண்ணீர் முழுவதற்கும் உண்டுபோலும்.

ஆகவே ஆர்.ஓ. இயந்திரம் வந்தது. அது ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்குள் ஒரு குடத்துக்கு மேல் உப்புத் தண்ணீரைக் கழித்துத் தள்ளுகிறது. அதை முருங்கைக்குப் பாய்ச்சுகிறார்கள். மீனுக்குச் சுத்திகரித்த தண்ணீரும் மனிதருக்குக் குழாய்த் தண்ணீரும் என்று வீட்டில் ஏற்பட்டுவிட்ட ஏற்பாட்டைப் பற்றி அண்ணாச்சியின் மனைவியாகிய மதினிக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை அவர் வெளியிடும்போதெல்லாம் அண்ணாச்சிக்குத் தொட்டியில் ஏதோ அவசர வேலை வந்துவிடுகிறது.

பொதிகைமலைப் பாறைகளில் சுண்ணாம்பு அபூர்வம். அவற்றின்மேல் இறங்கி வருகிற தாமிரபரணித் தண்ணீர் மலையடிவாரத்தில் மெத்தென்று இருக்கும். இந்த உண்மை தெரிந்த நாள் முதல் அண்ணாச்சிக்கு நதியின்மேல் பக்தி மிகுந்தது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலின் ஆடி அமாவாசைக்குச் சுற்றமெல்லாம் வேன் பிடித்துப் புறப்பட்டால், எல்லோருக்கும் முன்னால் ஏறி உட்காருபவர் அவரே. அவருடைய நேர்த்திக்கடன் இருபது லிட்டர் கேன்களாக இருக்கைகளுக்கு அடியில் அடுக்கப்பட்டிருக்கும். மற்றவர்கள் முங்கி எழுகையில் அவர் கருவியை ஆற்றில் முக்கி, அது காட்டிய எண்ணைக் கண்டு கண் கலங்கி நின்றதைப் பார்த்த ஒரு மூதாட்டி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்திமானா என்று நெகிழ்ந்தாராம். தாமிரபரணி வெள்ளத்தை எழுபத்தைந்து கிலோமீட்டர் கால்வாய் வெட்டிக் கருமேனியாறு, நம்பியாறுகளோடு இணைத்துத் திசையன்விளைப் பக்கத்து எம்.எல்.தேரி வரையில் கொண்டுவரும் திட்டத்தை விவசாயிகள் வருஷக்கணக்கில் எதிர்பார்த்திருந்த காரணம் வேறு. இவர் எதிர்பார்த்திருந்த காரணம் வேறு.

தண்ணீர் சரியாகிவிட்டால் தாம்பத்தியம் சரியாகிவிடும் என்று நினைப்பவர் குள்ளச் சிக்லிட்டை அறியாதவர். ராம் ஜோடி தட்டைக்கல்லில் முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் மாறிமாறி விசிறி, ஊரே மெச்சும் தம்பதிகளாக இரண்டு பகல் காவல் காத்து, மூன்றாம் நாள் விடியலுக்குள் அத்தனையையும் தின்றுவிட்டு ஒன்றும் அறியாதவைபோல் தீனிக்கு வந்து நிற்கும். ககட்டுவாய்டிஸ் ஆணோ பல மனைவியருக்கு ஆசைப்பட்டுப் பெரிய ஜமீன்தார் தோரணையில் துடுப்பை விரித்துக்கொண்டு திரிவான். ஆனால் சிரட்டைக்குள் முட்டையை ஒட்டியதும், அவனில் பாதியே உள்ள அந்தப் பெண், எலுமிச்சை மஞ்சளும் கறுப்புமாக வேஷம் மாறி, அவனைத் தொட்டியின் மூலைக்குத் துரத்தித் துடுப்பைக் கிழித்து, குஞ்சுகள் நீந்தும் வரையில் வாசற்படியை மிதிக்க விடமாட்டாள். இதை அண்ணாச்சி மிகுந்த ரசனையோடு விவரித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து மதினியின் குரல் கேட்டது: “அதுக்காவது புத்தி இருக்கு.”

பிழைத்த குஞ்சுகளுக்குப் பொரிக்கத் தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படும் ஆர்டீமியா என்ற சிறு உப்புநீர் இறாலின் முட்டைகள், இரவு முழுதும் குமிழிவிடும் பாட்டில்கள், டார்ச் விளக்கோடு மணிக்கொரு தரிசனம் என்று பேரப்பிள்ளைக்குக்கூடச் செய்யாத பணிவிடைகள் நடந்தன. வளர்ந்து நிறம் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. ரோமர், பைசன்ஹெர்ட்ஸ் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1996-இல் எழுதியிருக்கிறார்கள்: அபிஸ்டோகிராம்மா இனத்தில் குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் பெரும்பாலும் தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்தது, வெப்பம் ஏற ஏற ஆண்கள் மிகுவார்கள். திசையன்விளையின் அக்கினி நட்சத்திரத்தில் பிறந்தவை அத்தனையும் ஆண்களாகவே அமைந்தன. தொட்டி நிறையக் கல்யாண வயதுப் பையன்கள். ஒருவனுக்கும் பெண் இல்லை. அண்ணாச்சி சென்னைக்கு ஆம்னி பஸ் ஏறினார். “என்ன விஷயமா?” என்று கேட்டவர்களிடம் “பெண் பார்க்கத்தான்” என்று உண்மையையே சொன்னார். ஊரில் அதற்கு என்னென்னவோ அர்த்தம் கற்பிக்கப்பட்டது.

அவர் இல்லாத அந்தச் சமயத்தில், காயற்கரையில் பெண் எடுத்திருக்கிற சகலர் ஒருவர், வலையில் அகப்பட்டதென்று நாலைந்து சின்ன மீன்களை வாளியில் கொண்டுவந்து, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியில் விட்டுப் போனார். மூன்றங்குலம், ஆரஞ்சு நிறம், விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. பெர்லினில் ப்ளாக் என்ற பண்டிதர் 1795-இல் விவரித்து எழுதிய நம்முடைய சொந்தச் சிக்லிட். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டு வேறெங்கும் இயற்கையில் இல்லாதது. உவர்ப்பும் சுண்ணாம்பும் அதற்கு அமிர்தம். கிணற்றுத் தண்ணீரில், ஆர்.ஓ. இன்றி, வாதாம் இலை இன்றி, டார்ச் விளக்கு இன்றி, அவற்றில் ஒரு ஜோடி குஞ்சும் பொரித்தது. தாயும் தகப்பனும் இருபுறமும் காவல்வர, குஞ்சுகள் பெற்றோர் உடம்பில் ஊறும் வழுவழுப்பை மேய்ந்துகொண்டு செழித்தன.

பெண்கள் அடங்கிய தெர்மாகோல் பெட்டியோடு திரும்பிவந்த அண்ணாச்சியை மதினி கையைப் பிடித்து இழுத்துப்போய்த் துவைக்கிற கல்லடியில் காட்டினார். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்; சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்துத் தண்ணீரில் முக்கினார்; எண்ணைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“இந்தத் தண்ணியில எப்படி?”

“அதுகளப் போய்க் கேளுங்க” என்றார் மதினி.

“சும்மா கெடைக்குத மீனு, இப்படித்தான் கண்ட எடத்துலயும் குஞ்சு பொரிக்கும்” என்று சொல்லிவிட்டு, பெட்டிக்குள் இருந்த மணப்பெண்களுக்கு வேர்க்கிறதோ என்ற கவலையோடு அவர் உள்ளே விரைந்தார்.