கிளெமாட்டிஸுக்குப் பசிக்கவில்லை

ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்தின் செடிக்கடைகளில் கிளெமாட்டிஸ் என்ற பூங்கொடியின் தொட்டிகளுக்கு எட்டிய தூரத்திலேயே உர அலமாரி நிற்கும். ரோஜா உரம், தக்காளி உரம், கடற்பாசிச் சாறு, எலும்புத்தூள், பையில் கட்டிய குதிரைச் சாணம் என்று எல்லாம் வரிசை கட்டியிருக்கும். சாஸர் அளவுக்கு நீலப்பூ பூத்த படம் தொங்கும் தொட்டியை எடுத்தவர், கூடவே இரண்டு டப்பாவையும் கூடையில் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். போட்டுக்கொள்ளட்டுமே, இதில் உனக்கென்ன என்று கேட்கலாம். எனக்கு ஒன்றுமில்லை, அந்தக் கொடிக்குப் பசியில்லை, அவ்வளவுதான். பசி வாங்கியவருக்கு, அதுவும் வயிற்றில் அல்ல, கையில். நட்ட முதல் வருஷம் கிளெமாட்டிஸ் மண்ணுக்கு மேலே சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் செய்யாது; வேலையெல்லாம் கீழே, வேரில். மறு வருஷம் ஒப்புக்கு நாலு பூ காட்டும். மூன்றாம் வருஷம்தான் சுவரை மறைக்கும். முதல் வருஷம் தூக்கம், இரண்டாம் வருஷம் தவழல், மூன்றாம் வருஷம் பாய்ச்சல் என்று அந்த ஊர்த் தோட்டக்காரர்களே கணக்குச் சொல்வார்கள். தெரிந்த கணக்குதான். ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய ஒன்று இரண்டு வருஷம் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது மனிதப் பிறவிக்கு ஆகிற காரியமில்லை. கிளெமாட்டிஸுக்கு ஊட்டம் தருவது எப்படி என்று வரும் குறிப்புகளில் பாதிக்கு மேல் இந்தக் கைகளுக்கு வேலை கொடுக்கத்தான் பயன்படுகின்றன என்பது என் கட்சி.

முதல் சாட்சியாக யான் பாப்டிஸ்டா ஃபான் ஹெல்மோன்ட்டை அழைக்கிறேன். இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த மருத்துவர், 1644-இல் காலமானவர். ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை நிறுத்துப் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோக் கன்று ஒன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணைக் காயவைத்து மறுபடி நிறுத்தால் சுமார் 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. அவர் இறந்தபின் 1648-இல் வெளியான நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவுகட்டியது பிசகு. தண்ணீர் நீங்கலாக அதன் உடம்பில் பெரும்பங்கு காற்றிலிருந்து வந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் தராசு பிசகவில்லை. ஒரு மரமே ஐந்து வருஷத்தில் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரு கைப்பிடிதான் என்றால், ஈர்க்குச்சி போன்ற தண்டோடு நிற்கும் கிளெமாட்டிஸுக்கு ஒரு கிலோ டப்பாவை ஒரே கோடையில் காலிசெய்வது எந்தக் கணக்கில் சேரும்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, அளவு சின்னது என்பதால் அவசியம் இல்லை என்று ஆகிவிடுமா என்று இங்கே யாராவது மடக்கலாம். நல்ல மடக்குதான். உரம் செடிக்குச் சோறல்ல, உப்பு என்பதைத்தான் நானும் சொல்லவருகிறேன். உப்பு வேண்டும். குழம்பு கொதிக்கவில்லை என்பதற்காக யாரும் உப்பை அள்ளிப் போடுவதில்லை.

உர டப்பாவின் முதுகில் மூன்று எண்கள் இருக்கும்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. தக்காளி உரத்தில் மூன்றாவது எண் தூக்கலாக இருக்கும். பூவுக்கும் காய்க்கும் சாம்பல்சத்து தேவை என்பதால் கிளெமாட்டிஸுக்கும் அதையே கொடுக்கச் சொல்கிறார்கள். இதுவரை நியாயமே. தழைச்சத்து மிகுந்த புல்தரை உரத்தைக் கொடுத்தால் இலைதான் வரும், பூ வராது. அந்த இளந்தளிருக்கு இரவோடு இரவாக நத்தைகள் வந்து சேரும். உரம் வீணாகவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம், சாப்பிட்டது நத்தை. எலும்புத்தூளின் கதை இன்னும் விசேஷம். குழியில் ஒரு கைப்பிடி போட்டால் வேர் பிடிக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் வாக்கு. பெரும்பாலான தோட்ட மண்ணில் மணிச்சத்து முன்பே போதுமானது. மேலும் மேலும் சேர்ந்தால் வேரோடு கூட்டுவாழ்க்கை நடத்தும் பூஞ்சைகளுக்கு அது இடைஞ்சல். அது போகட்டும். எலும்பு வாசனைக்கு நரி வரும். லண்டன் புறநகர்களில் நரிக்குப் பஞ்சமில்லை. மாலையில் நட்ட கொடி காலையில் குழிக்கு வெளியே கிடக்கும். வேர் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது அப்போது மிகவும் சுலபம்.

இரண்டாவது சாட்சி காட்டிலிருந்து வருகிறது. கிளெமாட்டிஸ் பேரினத்தில் ஏறக்குறைய 300 இனங்கள். அவற்றில் விட்டால்பா என்பது தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்பு மேட்டு வேலிகளில் தானே படர்ந்து, குளிர்காலத்தில் நரைத்த தாடி போலப் பஞ்சு விதைகளைத் தொங்கவிடும். அதற்கு யாரும் ஒரு கரண்டி உரம் வைத்ததில்லை. அழகுக்காக நியூசிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அது அங்கே மரங்களின் மேல் ஏறிக் காட்டையே மூடத் தொடங்கி, இன்று அரசாங்கம் வெட்டியும் மருந்தடித்தும் ஒழிக்கப் பாடுபடும் களையாகிவிட்டது. நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் வைட்டியானா என்ற இனம் எவர் தயவுமின்றிப் புதர்மேல் பூக்கிறது. விட்டால்பாவின் சாறு தோலில் பட்டால் கொப்புளம் வரும். பழைய காலத்து பிரான்சில் பிச்சைக்காரர்கள் அதைத் தேய்த்துப் புண் வரவழைத்து இரக்கம் சம்பாதித்தார்கள். பிறரிடம் கையேந்தும் குடும்பமல்ல இது. கையேந்துபவர்களுக்கு உதவிய குடும்பம்.

காட்டுக்கொடியும் வீட்டுக்கொடியும் ஒன்றா என்பது அடுத்த ஆட்சேபம். கடையில் விற்பது மனிதன் கலந்து உண்டாக்கிய பெரும்பூ வகைகள், அவற்றுக்குச் சொகுசு வேண்டாமா? இந்த வகைகளின் மூத்த பிரபலத்தையே எடுத்துக்கொள்வோம். ஊதாநிற ஜாக்மனியை உண்டாக்கியது சர்ரேயிலுள்ள வோக்கிங் ஊரின் ஜாக்மன் நாற்றுப்பண்ணை. 1858-இல் கலப்பு, 1862-இல் பூ. வோக்கிங் பக்கம் மண் மணற்பாங்கு. புளிப்பு மண்ணில்தான் பிழைக்கும் ரோடோடெண்ட்ரானுக்கு அந்த வட்டாரம் பேர்போனது. ஆனால் கிளெமாட்டிஸுக்குச் சுண்ணாம்பு இல்லாமல் ஆகாது என்று தோட்டக்காரர்கள் நெடுங்காலம் நம்பி, சுவரிடித்த காரைத்தூளைக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். விட்டால்பா சுண்ணாம்பு மேட்டில் வளர்வதைப் பார்த்து வந்த நம்பிக்கை. அந்தக் குலத்தின் பெருமைக்குரிய பிள்ளை பிறந்த ஊரின் மண்ணை யாரும் விசாரிக்கவில்லை. இருந்தாலும் ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஜாக்மனி வகையை ஒவ்வொரு பிப்ரவரியிலும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிடுகிறோம். வெட்டியெடுத்ததை அது ஒரே பருவத்தில் மறுபடி கட்டியாக வேண்டும். அதற்கு மார்ச்சில் ஒரு கைப்பிடி ரோஜா உரமும், தண்டை ஒட்டாமல் இரண்டு அங்குலத்துக்கு மட்கிய உரமும் கொடுப்பது நியாயமான கூலி. தொட்டியில் வளர்ப்பவர்களையும் நான் வழக்கிலிருந்து விடுவிக்கிறேன்: தொட்டி மண் சிறிது, ஊற்றும் தண்ணீரில் சத்து கழுவிப்போகும், ஆகவே வசந்தத்திலிருந்து தக்காளி உரத்தைக் கரைத்து அவ்வப்போது ஊற்றலாம். மொட்டு நிறம் காட்டியதும் நிறுத்திவிடுவது வழக்கம். தொடர்ந்தால் பூ சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார்கள்.

நிலத்தில் நின்று பூக்காத கிளெமாட்டிஸைக் கிட்டப்போய்ப் பார்த்தால், பசி அல்லாத காரணங்கள் வரிசையாகக் கண்ணில் படும். முதலாவது தாகம். கொடியென்றால் சுவரோரம் என்று நட்டுவிடுகிறோம். ஊரெல்லாம் மழை கொட்டினாலும் சுவரடி மண் தூசியாகத்தான் கிடக்கும். செங்கல் வேறு ஈரத்தை உறிஞ்சும். ஒன்றரை அடி தள்ளி நட்டு, கொடியைச் சாய்த்து அனுப்பியிருக்க வேண்டும். தலைக்கு வெயில், காலுக்கு நிழல் என்று சொல்வது இந்த ஈரத்துக்காகத்தான். வறண்ட மண்ணில் உரத்தைப் போட்டால் அந்த உப்பு வேரிலிருந்தே தண்ணீரை இழுக்கும். தாகத்தில் இருப்பவருக்கு ஊறுகாயை நீட்டுகிறோம். இரண்டாவது பிடிமானம். கிளெமாட்டிஸுக்குச் சுருளும் பற்றுக்கம்பி கிடையாது, இலைக்காம்புதான் கை. ஒரு கம்பியைத் தொட்டதும் அந்தக் காம்பு ஒருமுறை வளைந்து, இறுகி, நாளடைவில் குச்சிபோல் கெட்டியாகிவிடும். விரல் தடிமனுக்கு மேற்பட்ட எதையும் அதனால் சுற்ற முடியாது. நாமோ மழைநீர்க் குழாயருகே நட்டு, ஏறாமல் சரிந்து கிடப்பதைப் பார்த்து, பாவம் தெம்பில்லை என்று இன்னொரு கரண்டி போடுகிறோம். நாலணா மீன்பிடி நரம்பைக் குழாயில் சுற்றிவிட்டால் மறுவாரமே தெம்பு வந்துவிடும்.

மூன்றாவது கத்தரிக்கோல். இதில்தான் பெரும்பாலான பூக்கள் போகின்றன. இமயமலையின் மான்டானாவை 1831-இல் இங்கிலாந்துக்கு அறிமுகப்படுத்தியவர் இந்தியாவின் முன்னாள் கவர்னர் ஜெனரலின் மனைவி ஆம்ஹர்ஸ்ட் சீமாட்டி. 40 அடி ஓடும், மே மாதம் பூக்கும், பூப்பது போன வருஷத்துத் தண்டில். பிப்ரவரியில் அதை வெட்டினால் அந்த வருஷப் பூ முழுவதும் குப்பைக்கூடைக்குள் போய்விடும். ஜாக்மனியோ புதுத் தண்டில் பூப்பது. வெட்டாமல் விட்டால் உச்சியில் பூத்துப் பக்கத்து வீட்டு மாடிக்காரரை மகிழ்விக்கும். தன்னுடையது எந்த வகை என்று தெரியாதவர், பேர் எழுதிய அட்டையையும் தொலைத்துவிட்டு, பூக்காததற்குச் சாம்பல்சத்துக் குறைவே காரணம் என்று கண்டுபிடிக்கிறார். நான்காவது வாடல் நோய். மொட்டுவிடும் சமயத்தில் ஒரு தண்டு முழுக்கத் திடீரென்று தலைசாயும். காம்பும் நரம்பும் கறுத்திருக்கும். இதற்குப் பூஞ்சை காரணம் என்று 1915-இலேயே அமெரிக்காவில் குளோயர் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார். இருந்தும் சாகக் கிடக்கும் தண்டின் காலடியில் திரவ உரம் ஊற்றுவது இன்றும் நடக்கிறது. செய்ய வேண்டியது நோய்ப்பட்ட பாகத்தை வெட்டி அப்புறப்படுத்துவது. நடும்போதே தொட்டி மட்டத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் ஆழமாக நட்டிருந்தால் மண்ணுக்குள்ளிருக்கும் கணுக்களிலிருந்து புதுத் தளிர் வரும்.

நாங்கள் தக்காளி உரம் கொடுத்தோம், பூத்ததே என்று சாட்சி சொல்வோர் ஏராளம். எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டால், இரண்டு வருஷம் சும்மா பார்த்துவிட்டு, பொறுமையிழந்து மூன்றாம் வருஷம் கொடுத்திருப்பார்கள். கொடி தன் கணக்குப்படி பாய்ந்தது; பேர் டப்பாவுக்குப் போயிற்று. சரி, கொடுத்தால்தான் என்ன கெடுதல் என்பது கடைசி ஆட்சேபம், இதற்குப் பதில் சொல்வதுதான் கொஞ்சம் சிரமம். காசு போகும், மிஞ்சிய சத்து மழையில் கரைந்து ஓடையில் பாசி வளர்க்கும், உரம் வைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் தண்ணீர் மறந்துபோகும். கை ஊறத்தான் செய்யும் என்றால் பூவாளியைப் பிடிக்கலாம், உதிர்ந்த இலைகளைக் குவித்து மட்கவைக்கலாம். வாழைப்பழத் தோலை வேரடியில் புதைப்பவர்கள் மேல் மட்டும் எனக்கு வழக்கில்லை. தோலில் சாம்பல்சத்து கொஞ்சம் உண்டு, மட்கிக் கொடிக்குப் போய்ச்சேர நாளாகும். ஆனால் பழத்தை யாரோ ஒருவர் சாப்பிட்டாயிற்று.