நாலு சிலிண்டருக்கு ரெண்டு ஒயர்

பர்மிங்ஹாம்

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் "வண்டிக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டீர்கள். "ஹெட் கழற்றிக் கிடக்கு மாமா" என்றேன். லைன் கட்டாகிவிட்டது. நீங்களே கட் பண்ணியிருப்பீர்கள் என்பது என் மனைவியுடைய சந்தேகம். எப்படியும் இது போனில் சொல்லி மாளாத கதை, எழுதியே விடுகிறேன்.

வண்டி ரோவர் 25, 1.4 பெட்ரோல். பிறந்த இடம் லாங்பிரிட்ஜ், இதே ஊர்தான். ஆனால் 2005 ஏப்ரலோடு கம்பெனி படுத்துவிட்டது. இங்கே நீங்கள் ரோவர் வைத்திருப்பதாகச் சொன்னால் எதிராளி குரலைத் தாழ்த்தி, "ஹெட் கேஸ்கெட்டா?" என்றுதான் முதலில் கேட்பார். அந்த இன்ஜினுக்கு கே சீரீஸ் என்று பெயர். ஹெட், பிளாக், அடியில் இருக்கும் பட்டை மூன்றையும் மேலிருந்து கீழ்வரை பத்து நீள போல்ட்டுகள் கோத்துப் பிடித்திருக்கின்றன. டைட் வைக்கிற முறையைக் கேட்டால் சிரிப்பீர்கள்: முதலில் 20 நியூட்டன் மீட்டர், அதாவது சும்மா தொட்ட மாதிரி. பிறகு அரைச்சுற்று. பிறகு இன்னும் ஓர் அரைச்சுற்று. கைக்கணக்கிலேயே நாற்பது வருஷம் ஷெட் நடத்திய உங்களிடம் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

என் ஹெட் சூடேறிக் கொதித்ததில் அலுமினியம் இளகிப்போய்விட்டது. ஃபேஸிங் அடித்தும் பிரயோஜனமில்லை என்று லேத்காரர் சொல்லிவிட்டார். மெக்கானிக்கிடம் விட்டால் கூலியே வண்டி விலையைத் தாண்டும். ஆக, காயலான்கடைதான் கதி.

இந்த ஊர் காயலான்கடையை நீங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் மாமா. புதுப்பேட்டையில் நாம் வாய் திறப்பதற்குள் பையன் சாமானைக் கையில் கொண்டுவந்து வைப்பான். இங்கே ஸ்பானரோடு போய் நாமே கழற்றிக்கொள்ள வேண்டும். ஒளிரும் சட்டையும் கெட்டி பூட்ஸும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். சகதியில் முழங்காலிட்டு, மழையில், ஒரு பழைய ரோவர் 200-லிருந்து ஹெட்டைக் கழற்றி எடுத்தேன். அதுவும் 1.4, அதுவும் பதினாறு வால்வு. பார்வைக்கு ரெண்டும் அண்ணன் தம்பி.

சங்கடம் மேல்பக்கத்தில். அண்ணன் வண்டியில் கேம்ஷாப்ட் முனையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், தனியாக ஒரு காயில், நாலு பிளக் ஒயர், நடு ஒயர் ஒன்று என்று எல்லாம் உங்கள் காலத்துச் சாமான். தம்பி வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. ஒண்ணாம் பிளக் மேல் ஒரு காயில், மூணாம் பிளக் மேல் ஒரு காயில், நேரே குந்தியிருக்கும். முதல் காயிலிலிருந்து ஒரு நீள ஒயர் நாலாம் பிளக்குக்கு, அடுத்ததிலிருந்து ஒரு குட்டை ஒயர் ரெண்டாம் பிளக்குக்கு. அவ்வளவுதான். நாலு சிலிண்டருக்கு ரெண்டே ஒயர்!

"அதெப்படிடா ஓடும்?" என்பீர்கள். ஒண்ணும் நாலும் சேர்ந்துதானே மேலே வரும். ஒன்று கம்ப்ரஷனில் இருக்கும், மற்றது புகையைத் தள்ளிக்கொண்டிருக்கும். காயில் ரெண்டுக்குமே ஒரே நேரத்தில் பொறி கொடுக்கிறது. ஒரு பொறி வேலை பார்க்கும், ஒரு பொறி தண்டம். ரெண்டு, மூணுக்கும் இதே கதை. அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள், ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினாலே தாங்கமாட்டார்கள்.

சரி, புது ஹெட்டுக்கு எந்தக் காயில், எந்த ஒயர்? இதற்குக் கல்யாணப் பொருத்தம் பார்க்கிற மாதிரி ஒரு கூட்டமே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் லாங்பிரிட்ஜில் வேலை பார்த்தவர். டீக்கோப்பையோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "ஹெட் எந்த வண்டியோ, காயிலும் அந்த வண்டிதான்" என்றார். எதிர்வீட்டுப் பையன், ரேஸ் வண்டிக்குப் போடுகிற தாமிரக் கம்பி ஒயர் போட்டால் வண்டி பறக்கும் என்றான். பறக்குமோ என்னமோ, ரேடியோவில் பாட்டுக்குப் பதில் கரகரப்புதான் கேட்கும். பொறி பாயும்போது எழும் இரைச்சலை அடக்கத்தான் ஒயருக்குள்ளே கார்பன் வைத்து ரெசிஸ்டன்ஸ் கொடுத்திருக்கிறான். அந்த இரைச்சல் ரேடியோவோடு நிற்காது, கம்ப்யூட்டர் பெட்டியையும் குழப்பும்.

மாமா, நான் கண்ட நியாயம் இதுதான்: காயில் ஹெட்டுக்குச் சொந்தமில்லை, பெட்டிக்குச் சொந்தம். என் வண்டிப் பெட்டியில் ரெண்டு காயிலை ஓட்டுவதற்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளேயே இருக்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டரை எங்கே சொருகுவது? உங்கள் பாயிண்ட் காலத்துக் காயிலுக்கு பிரைமரி மூணு ஓம் இருக்கும், கரண்டைக் கொஞ்சமாக இழுக்கும். இப்போதைய காயில் ஒரு ஓம் பக்கம்தான். அளவு மாறி மாட்டினால் ஒன்று பொறி சோனியாகும், இல்லையென்றால் பெட்டி வேகும். பெட்டி விலைக்கு இன்னொரு ரோவரே வாங்கலாம்.

அதனால் செய்தது இது. கேம்ஷாப்ட்டைத் தாங்கும் மேல் சட்டத்தை ஹெட்டோடு சேர்த்தே துளை போட்டிருப்பான், இரண்டையும் பிரித்து மாற்றக்கூடாது. ஆகவே வாங்கின ஹெட்டும் அதன் சட்டமும் ஒரு செட்டாகவே இருந்தன. கேம்ஷாப்ட்டுகள் மட்டும் என் வண்டியினுடையவை; பெட்ரோலை எந்த சிலிண்டருக்கு எப்போது தெளிப்பது என்று பெட்டிக்குச் சொல்லும் சென்சார் அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடும். மேல் கவரும் என்னுடையது. காயில் உட்கார இடம் அதில்தான். காயில், ஒயர் ரெண்டும் புதுசாகவே வாங்கிவிட்டேன். பழைய ஒயரில் மல்டிமீட்டர் வைத்தேன். ஒன்று சில ஆயிரம் ஓம் காட்டியது, நல்லது. மற்றதில் முள்ளே அசையவில்லை, உள்ளே கார்பன் அறுந்திருக்கிறது. ரப்பர் மூடியைப் பிடித்து இழுக்காமல் ஒயரைப் பிடித்து இழுத்த புண்ணியவான் யாரோ, எனக்கு முந்தின ஓனர்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கூத்தைக் கேளுங்கள். இங்கே எந்தச் சாமான் கேட்டாலும் முதல் கேள்வி, "நம்பர் பிளேட் என்ன?" நம்பரைத் தட்டினால் வண்டியின் ஜாதகமே திரையில் வரும். நான், "ஹெட் வேற வண்டியினுடையது" என்றேன். கவுன்டர் பையன் கையை எடுத்துவிட்டான். "அந்த வண்டி நம்பர்?" "நசுக்கியாச்சு." உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தான். மேனேஜர் அஞ்சு ஒயர் இருக்கிற பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். எனக்கு ரெண்டு போதும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தீபாவளிக்கு ஒரு செருப்பு மட்டும் கேட்டவனைப் பார்க்கிற பார்வை. கடைசியில் என் நம்பரையே அடித்துக் காயில் ரெண்டு, ஒயர் ரெண்டு வாங்கினேன். கேஸ்கெட்டுக்குத் தனிச் சண்டை, அது அடுத்த கடிதத்தில்.

மாட்டும்போது பிளக் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். பழைய கவர் கசிந்து எண்ணெய் தேங்கியிருந்தது. அதைத் துடைக்காமல் மாட்டினால் புது ரப்பர் ஊறிப்போய், அங்கிருந்தே பொறி ஹெட்டுக்குத் தாவும். துணி சுற்றிய குச்சியால் துடைத்து, ரப்பர் வாயில் சிலிக்கான் கிரீஸ் தொட்டு வைத்து அழுத்தினேன். "டொக்" என்று உட்கார்ந்தது. ராத்திரி விளக்கை அணைத்து, பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, காயில் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். எங்கேயும் நீலப் பொறி இல்லை. மிஸ்ஸிங்கும் இல்லை. மிஸ்ஸிங் இருந்தால் எரியாத பெட்ரோல் போய் சைலன்சர் வழியிலுள்ள கன்வெர்ட்டரைத் தின்றுவிடும். அதன் பிறகு இங்கே வருஷா வருஷம் காட்ட வேண்டிய எம்.ஓ.டி. பரிசோதனையில் புகை பார்க்கும்போதே அனுப்பிவிடுவான்.

பெரியவர் மறுபடி வேலியருகே வந்தார். ரோவர் எங்கள் ஊரிலும் ஓடியது என்றேன், நம்பவில்லை. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் விட்ட ஸ்டாண்டர்டு 2000, ரோவர் பாடிக்குள் அரதப்பழசான இன்ஜினை வைத்ததுதானே? உங்கள் ஷெட்டில் ஒன்று ரொம்ப நாள் நின்றதே, அதன் போட்டோ இருந்தால் தம்பியிடம் வாட்ஸப் பண்ணச் சொல்லுங்கள். பானெட் திறந்திருப்பதாக வேண்டும். பிளக் ஒயர் எத்தனை என்று அவர் எண்ண வேண்டுமாம்.

அத்தைக்கு வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்