மின்காரின் புணரியல்: நார்வே நாட்டுச் சாலைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகளில் அருவி உண்டு, பனிமலை உண்டு, அருவிக்கும் பனிமலைக்கும் நடுவே மனைவியை நிறுத்தி எடுத்த படமும் உண்டு. வாடகைக்கு எடுத்த மின்சாரக் காரோடு சார்ஜர் முன்னால் நின்ற நாற்பது நிமிடம் மட்டும் எதிலும் இல்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள் இது: மின்காருக்குச் சார்ஜ் ஏற்றுவது மின்னியல் அன்று, இலக்கணம், அதிலும் புணரியல். ஊன்றிய இடத்தில் அசையாமல் நிற்கும் சார்ஜர் நிலைமொழி. ஓடி வந்து எதிரே நிற்கும் கார் வருமொழி. இரண்டும் சேரும்போது நிகழ்வதையெல்லாம் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்து வைத்துவிட்டார். உதாரணம் காட்ட அவருக்குக் கார் ஒன்றுதான் கிடைக்கவில்லை.

2. ஆய்வுக் களம்

நார்வேயைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 முழு மின்சாரக் கார்கள். மின்சாரத்திலும் பெரும்பங்கு அருவியும் அணையும் தருவது.

இந்த மரபின் மூலவர்களில் ஒருவர் பாடகர். ‘ஆ-ஹா’ இசைக்குழுவின் மார்ட்டன் ஹார்கெட்டும் பெல்லோனா சுற்றுச்சூழல் அமைப்பின் ஃப்ரெட்ரிக் ஹவ்கேயும் 1989இல் மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு ஃபியட் பாண்டாவைச் சுவிட்சர்லாந்திலிருந்து கொண்டுவந்தார்கள். சுங்கம் கட்ட மாட்டோம் என்று அதிலேயே சுங்கச்சாவடிகளைக் கடந்தார்கள். அபராதம் ஏறியது, கார் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தது, ஏலத்தில் அதை அவர்களே திரும்ப வாங்கினார்கள். 1997இல் மின்கார்களுக்குச் சுங்க விலக்கு வந்தது. இலக்கணம் தோன்றுமுன் இலக்கியம் தோன்றும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆய்வுப் பாதை: ஆஸ்லோவிலிருந்து 7ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக ஹார்டாங்கர்விடா பீடபூமி ஏறி, இறங்கி, பெர்கன் வரை. காலம்: மார்ச். மாதிரி அளவு: கார் ஒன்று, ஆய்வாளன் ஒருவன், ஆய்வை ஒப்புக்கொள்ளாத மனைவி ஒருவர்.

3. புணர்ச்சி வகை

இயல்பு புணர்ச்சி: பொன் + மலை = பொன்மலை. செருகினால் ஏறும். இப்பயணத்தில் ஒரே ஒருமுறை, ஒரு விடுதி வாசலில் நிகழ்ந்தது.

விகாரப் புணர்ச்சி மூவகைப்படும்.

தோன்றல்: வாழை + பழம் = வாழைப்பழம். இரண்டுக்கும் நடுவே இல்லாத ஒன்று முளைக்கும். இங்கே முளைப்பது செயலி. பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் கொடுத்து, வங்கி அட்டை எண்ணையும் கொடுத்தால் ஓடிபி வந்திருக்கிறது என்கிறது. வந்துதான் இருக்கிறது, மேற்கு மாம்பலத்தில் அலமாரிக்குள் வைத்துவிட்டு வந்த சிம்முக்கு. ஐரோப்பிய ஒன்றியம் இந்த விகாரத்தை உணர்ந்திருக்கிறது. 2024 ஏப்ரல் 13 முதல் அங்கே புதிதாக வைக்கும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலுமான பொதுச் சார்ஜர்கள், செயலி இல்லாமலே வங்கி அட்டையை ஏற்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன் வைத்தவற்றில் முதன்மை நெடுஞ்சாலைகளில் நிற்பவற்றுக்குப் பழைய இலக்கணம் 2026 முடியும்வரைதான்; மற்றவை அதிலேயே நிற்கலாம்.

திரிதல்: பொன் + குடம் = பொற்குடம். சார்ஜர் மேல் 150 கிலோவாட் என்று எழுதியிருக்கும். குளிரில் விறைத்த பேட்டரி அதைத் தொட்டதும் 38 ஆகத் திரியும். குளிர்ந்த பேட்டரியால் மின்சாரத்தை வேகமாக வாங்கிக்கொள்ள முடியாது. அது சார்ஜரின் பிழையன்று. போகுமிடம் சார்ஜர் என்று காரின் வரைபடத்தில் முன்கூட்டியே குறித்தால், பல கார்கள் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும். இதை வாடகைக் கடையில் யாரும் சொல்லவில்லை; இருநூறு பக்கக் கையேடு நார்வேஜிய மொழியில் சொல்லியிருக்கக்கூடும்.

கெடுதல்: மரம் + வேர் = மரவேர். இருந்தது மறையும். யைலோ ஊரில் துப்பாக்கிபோலக் கனத்த செருகியை இரு கையாலும் தூக்கிக் காரில் வைத்தேன், உள்ளே போகவில்லை. அழுத்தினேன். திருப்பிப் பிடித்து அழுத்தினேன்.

“என்னங்க, அது ஏறுதா இல்லையா?” என்றார் உள்ளே ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்த மனைவி.

பக்கத்துக் காரிலிருந்து பனித்தொப்பி போட்ட முதியவர் ஒருவர் இறங்கி வந்தார். என் காரின் துளையில் கீழ்ப்பாதியை மறைத்திருந்த சிறிய கறுப்பு ரப்பர் மூடியை இரண்டு விரலால் இழுத்துவிட்டார். ஒரு சொல்கூடச் சொல்லாமல் தன் காருக்குப் போய்விட்டார். மேலே உள்ள ஏழு துளை மெதுவான சார்ஜுக்கு. மூடிக்குக் கீழே உள்ள பெரிய இரண்டு துளைதான் விரைவுச் சார்ஜுக்கு. மகரம் கெட்டது, புணர்ச்சி கூடியது.

பொருந்தாப் புணர்ச்சியும் உண்டு. பழைய நிலையங்களில் சாடேமோ என்னும் ஜப்பானியச் செருகி தொங்கும். நம் காரில் இருப்பதோ சிசிஎஸ். இடையே எந்த உடம்படுமெய்யும் எளிதில் வாய்க்காது. ஆனால் அப்பெயரை வைத்தவர்கள் நேர்மையானவர்கள். ‘டீயாவது குடிக்கலாமே’ என்னும் பொருளுள்ள ஜப்பானியத் தொடரைச் சிலேடையாக உள்ளே வைத்திருக்கிறார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்ட கருவி அது.

4. குறுக்கம்

ஐகாரம் சொல்லில் இடம் மாறினால் மாத்திரை குறையும். சார்ஜ் 80 சதவீதத்தைத் தாண்டினால் வேகம் குறையும். காலியாக நிற்கும் பஸ்ஸில் முதல் முப்பது பேர் மளமளவென்று உட்காருவார்கள். கடைசி பத்துப் பேர் துண்டு போட்ட சீட்டை விசாரித்துக்கொண்டே நிற்பார்கள். பேட்டரிக்குள்ளும் அதே கதைதான். 10இலிருந்து 80 வரை ஏற்றிப் புறப்படுவோர் அந்நாட்டார். 100 ஆகட்டும் என்று நிற்போர் சுற்றுலாப் பயணியர். பின்னால் நிற்கும் வரிசைக்கு இவ்வேறுபாடு உடனே விளங்கும்.

குறுக்கத்துக்கு எதிர் அளபெடை. பீடபூமியின் உச்சி சுமார் 1,250 மீட்டர். கீழே ஐட்ஃபியோர்ட் கடல்மட்டம். இரண்டு டன் கார் அவ்வளவு உயரம் இறங்கினால் கணக்குப்படி ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரம் புவியீர்ப்பில் இருக்கிறது. பிரேக்குக்குப் பதில் மோட்டார் வேகத்தைப் பிடித்து அதில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. கடைசிச் செங்குத்து இறக்கத்தில் ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. ஏறும்போது எண்ணைப் பார்த்துப் பார்த்து வாடிய முகம், இறங்கும்போது ஃபியோர்டைப் பார்த்தது.

5. பிரித்தெழுதுக

சேர்ப்பதைவிடப் பிரிப்பது கடினம் என்பது பள்ளிக்கூடத்திலேயே தெரிந்ததுதான். சார்ஜ் ஏறி முடிந்தும் செருகி வெளியே வராது. கார் அதைப் பூட்டி வைத்திருக்கும். இழுத்தால் வராது, கெஞ்சினாலும் வராது. சாவியில் கதவு திறக்கும் பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று விடும். இதைக் கண்டுபிடிக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. சார்ஜ் முடிந்தபின் இடத்தை அடைத்து நின்றால் சில நிலையங்களில் நிமிடக் கணக்கில் தனிக் கட்டணம். எனவே இப்பதினொரு நிமிடத்துக்கும் ரசீது உண்டு.

6. முடிவுகள்

பயணம் முழுவதும் மின்சாரத்துக்குக் கொடுத்ததைவிட, சார்ஜ் ஏறும் நேரத்தில் காபிக்கும் ஏலக்காய் பன்னுக்கும் கொடுத்தது அதிகம். எனவே மின்கார் ஓடுவது பன்னால் என்று நிறுவ இடமுண்டு. அதை வருங்கால ஆய்வாளர்களுக்கு விடுகிறோம்.

காரைத் திருப்பியபோது வேறொரு விதி வெளிப்பட்டது. சார்ஜ் குறைவாக இருந்தால் கட்டணம் என்று ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. நாங்கள் கொடுத்தது 64 சதவீதம், அவர்கள் கேட்டது 70. ஆறு சதவீதத்துக்கு அவர்கள் வாங்கியதில் ஒரு நாள் முழுக்க ஓட்டியிருக்கலாம்.

ஆகவே வாசகர்களுக்கு: சாவியைக் கையில் வாங்கும்போதே எத்தனை சதவீதத்தோடு திருப்ப வேண்டும் என்று கேளுங்கள். ரப்பர் மூடி எங்கே இருக்கிறது என்று அங்கேயே குனிந்து பாருங்கள். நன்னூலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். ஓடிபி வரும் சிம்மை விட்டுவிடாதீர்கள்.