கிராணியார் காடி

கெடாவின் பெண்டாங் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் அந்தக் காலத்தில் காடி வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். துரைக்கு ஒன்று, பெரிய கிராணிக்கு ஒன்று, சில தோட்டங்களில் டிரசருக்கு ஒன்று. மற்றவர்களுக்குத் தோட்டத்து லோரி, சைக்கிள், அதுவும் இல்லாவிட்டால் நடை. இந்தக் கணக்கில் இருந்த அநியாயம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. என் அம்மா இருட்டோடு பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டி, காண்டாவில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார். அப்படி வந்த பால்தான் கப்பலேறி, டயராகி, ஊர் ஊராக உருண்டது. 1980-களின் பிற்பகுதிவரை உலகிலேயே அதிகமாக ரப்பர் விளைவித்த நாடு மலேசியா. அந்தப் பாலை வெட்டியவர்களில் பெரும்பாலோர் சொந்தக் காடியில் ஒரு நாள்கூட உட்காராமல் கண்ணை மூடினார்கள்.

எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் சாம்பல் நிற மோரிஸ் மைனர் ஒன்று இருந்தது. 1958-ஆம் ஆண்டுக் காடி, கெடாவின் 'கே' எண் பலகையோடு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்த வண்டி அது. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் காடியும் அதுதான். அன்றைய மலாயாவில் டாக்டரும் வாத்தியாரும் கிராணியும் தேடி வாங்கியது அதைத்தான். அதன் பெரிய அண்ணனான மோரிஸ் ஆக்ஸ்போர்டு இந்தியாவில் அம்பாசடர் என்ற பெயரில் 2014 வரை தயாரானது.

அப்பா தோட்டத்து லோரி டிரைவர். டிரைவர் என்றால் அந்தக் காலத்தில் பழுது பார்க்கும் பொமனும் அவரே. கிராணியாரின் காடிக்கு ஒன்று என்றால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். மோரிஸ் மைனரின் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் ஒரு திருகாணித் தண்டு தாங்கி நிற்கிறது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். விட்டால் புரி தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மடங்கி, காடி மூக்கு குப்புற விழும். அப்பா மைல் கணக்குப் பார்த்ததில்லை. மாதாமாதம் சம்பள நாளன்று கிரீஸ் அடித்துவிடுவார். பிளாட்டினத்தின் இடைவெளி 0.015 அங்குலம் என்று கையேடு சொல்கிறது. அப்பாவுக்கு அது மடித்த பஸ் டிக்கெட்டின் கனம்.

எழுபதுகளில் கிராணியார் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போனபோது, சொற்ப விலைக்குக் காடியை அப்பாவிடமே விட்டுப் போனார். லயத்து வாசலில் காடி! கருமாரியம்மன் படம் டேஷ்போர்டில் ஏறியது. நிறைமாதப் பெண்களை அலோர்ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது அந்தக் காடிதான். கல்யாண மாப்பிள்ளைகளையும் அதுதான் சுமந்தது. அம்மா முதன்முதலாகக் காடியில் ஏறியதும் அதில்தான். ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னாலும் கேட்காமல், நடுவில் எங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆனால், அந்தக் காடியின் பானெட்டுக்குள் கை வைக்க அப்பா என்னை ஒரு நாளும் விட்டதில்லை. டார்ச்லைட் பிடிக்கலாம், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். "இதெல்லாம் உனக்கு வேணாண்டா. கிரீஸ் ஒட்டுச்சின்னா கையை விட்டுப் போவாது. உள்ள போயி படி" என்பார். அன்று எனக்கு அது கோபமாகத் தெரிந்தது. தோட்டத்தை விட்டு நான் வெளியேற அவருக்குத் தெரிந்த ஒரே வழி, தனக்குத் தெரிந்த தொழிலை எனக்குத் தராமல் இருப்பது. அப்படியே நானும் படித்தேன், அரசாங்க வேலைக்குப் போனேன், மேசையில் உட்கார்ந்தேன். அவர் நினைத்தது நடந்தது. அவருக்குத் தெரிந்த எதுவும் எனக்கு வரவில்லை.

இடையில் காலம் மாறிய வேகத்தைச் சொல்லியாக வேண்டும். 1957-இல் அலோர்ஸ்டாரில் மாஹா கிளினிக்கைத் தொடங்கிய டாக்டர் மகாதீர், அந்த நாளில் அமெரிக்க பொண்டியாக் காடி வைத்திருந்தவர். அவரே பிரதமராகி, 1985 ஜூலையில் புரோட்டோன் சாகாவை வெளியிட்டார். அதன் அடித்தளமும் இஞ்சினும் மிட்சுபிஷி. தவணை கட்ட முடிந்தவர்களெல்லாம் சாகா வாங்கினார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போய் அதே தவணையில் காடி எடுத்தார்கள். தோட்டங்களில் ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தது. லயங்கள் காலியாயின. நாங்களும் தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். அதற்குள் ஓட்டம் நின்றுபோன மோரிஸை அப்பா லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து பின்பக்கத் தகரக் கொட்டகைக்குள் தள்ளினார். விற்கச் சொன்னவர்களுக்கு அவர் பதில் சொன்னதே இல்லை.

அந்தக் கொட்டகையைத் திறந்து பார்க்க வைத்தவள் என் மகள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறாள். கணினியைச் செருகி இஞ்சினின் கோளாறைப் படிக்கத் தெரியும். கார்புரேட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. எண்பதைத் தாண்டிய அப்பாவுக்குக் கணினி தெரியாது. நீளமான ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை இஞ்சின் மேல் ஊன்றி, எந்த வால்வு சத்தம் போடுகிறது என்று சொல்லிவிடுவார். இரண்டு பேரும் சேர்ந்தார்கள். நான் மறுபடியும் டார்ச்லைட் பிடித்தேன்.

மோரிஸ் மைனருக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது. உடம்பே தாங்குகிறது. அதனால் துருவை மேலோட்டமாகச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தால் ஏமாற்று வேலை. கதவுக்குக் கீழே ஓடும் பக்கப் பட்டை, தரை, பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்து புதுத் தகடு பற்றவைத்தோம். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்றப் பட்ட பாட்டில் மூன்று தலைமுறையும் அன்று ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

உதிரிப் பாகம் கிடைக்காது என்று பயந்திருந்தேன். கிடைத்தது. இந்தக் காடியைக் காப்பாற்ற உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ல்ஸ் வேர் என்பவர் 1970-களிலேயே மோரிஸ் மைனருக்கென்று ஒரு மையம் தொடங்கினார். நல்ல காடியை வீசாமல் பழுது பார்த்துத் தலைமுறைக்கும் ஓட்டலாம் என்பது அவர் வாதம். அவரோடு கைகோத்து இலங்கையில் டியூரபிள் கார் கம்பெனி என்ற பட்டறை எழுந்தது. அங்கே கையால் தட்டிய தகடுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. ஒரு காலத்தில் காடிகளை அனுப்பிய நாட்டுக்கு, அதே காடியின் தகடுகளை முன்னாள் காலனி நாடு அனுப்பியது. எனக்கு இந்தச் செய்தி கொடுத்த நிறைவு கொஞ்சமல்ல.

இஞ்சின் விஷயத்தில்தான் தகராறு. பழசைத் தூக்கிப் போட்டுவிட்டு நிசான் இஞ்சினைப் பொருத்துவது நம் நாட்டில் பலரும் செய்கிற வேலை. சுலபம், சாமான் மலிவு. நான் நினைத்ததற்கு நேர்மாறாக, அதைக் கேட்டவர் அப்பா. "காடின்னா ஓடணும் பாப்பா. நிசான் போட்டா கோலாலம்பூரு வரைக்கும் நிக்காம போவும்."

"அப்புறம் அது உங்க காடி இல்ல தாத்தா. வேற காடி" என்றாள் மகள்.

அறுபது வருஷம் வேலைக்காக இஞ்சினைப் பார்த்தவருக்குக் காடி ஒரு கருவி. அவளுக்கு அது தாத்தா. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. 948 சிசி இஞ்சினைத் திறந்து பார்த்தபோது கிராங்க் நல்ல நிலையில் இருந்ததால் அவள் வென்றாள். பிரேக், டயர், சீட் பெல்ட் மூன்றிலும் அப்பா சொன்னதுதான் சட்டம். பழைய டயர் அளவை அவர் ஏற்கவில்லை. 145 ரேடியல்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். கதவுத் தூணிலிருந்து கை நீட்டித் திருப்பம் காட்டும் பழைய சிக்னலை மகள் வைத்துக்கொண்டாள். பின்னால் வருகிறவன் அதைப் புரிந்துகொள்ள மாட்டான் என்று அப்பா மின்னும் விளக்கையும் சேர்த்துப் பொருத்த வைத்தார்.

அப்பா எனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் இந்த வேலையில்தான் சொன்னார். வெள்ளத்தில் லோரியை எப்படிக் கடத்தினார், உதிரிப் பாகம் இல்லாதபோது ரப்பர் துண்டை வெட்டி எப்படி வாசர் செய்தார், துரையின் காடியைத் தொட்டதற்கு என்ன வாங்கினார். அவருடைய கைகள் வேலை செய்யும்போது மட்டும்தான் அவருக்குப் பேச்சு வருகிறது. சோபாவில் உட்கார வைத்து எத்தனை முறை கேட்டிருந்தாலும் இதில் ஒரு வரிகூட வந்திருக்காது. தோட்டத்துத் தமிழனின் சரித்திரத்தைப் பால்வெட்டை வைத்தும் வேலைநிறுத்தத்தை வைத்தும் எழுதியிருக்கிறோம். அவனுடைய தொழில்நுட்ப அறிவை யாரும் எழுதவில்லை. லோரி டிரைவர், டிராக்டர் டிரைவர், ஸ்டோரில் ரோலர் மிஷின் பார்த்தவர், பம்பு வீட்டுக்காரர் என ஒவ்வொருவரும் ஒரு பட்டறை. அவர்கள் பிள்ளைகளை மேசைக்கு அனுப்பிவிட்டு மௌனமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

செலவு? ஓரளவு நல்ல பழைய சாகா ஒன்றை வாங்கியிருக்கலாம். அந்தப் பணத்துக்காக நான் வருந்தவில்லை. காடி இப்போது மகள் பெயரில் இருக்கிறது. எனக்குத் தராத தொழிலை அப்பா பேத்திக்குத் தந்துவிட்டார்.

உங்கள் வீட்டுப் பின்பக்கம் இப்படி ஒரு காடி கிடந்தால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடும் முன் கிராண்ட்டை எடுத்துப் பாருங்கள். பெரியவர் பெயரில் இருந்தால், அவர் நடமாடும்போதே பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ அவரோடு சேர்த்து உட்காரவைத்து வேலையைத் தொடங்குங்கள். அவர் போன பிறகு பெயர் மாற்ற அமானா ராயாவுக்கோ நீதிமன்றத்துக்கோ அலைய நேரும். இருக்கும்போது அவரே ஜேபிஜே மூலம் பெயரை மாற்றிக் கொடுத்தால் வேலை சுலபம்.