மூன்று செட்டுக்கு ஐந்து செட் சம்பளமா?

கேள்வி: கிராண்ட்ஸ்லாம் டென்னிஸில் ஆண்கள் ஐந்து செட் ஆடுகிறார்கள், பெண்கள் மூன்றுதான். பரிசுப் பணம் மட்டும் சமமாக வேண்டும் என்று அமெரிக்க வீராங்கனை பில்லி ஜீன் கிங் கேட்டது நியாயமா?

பதில்: மணிக்கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்க இது களையெடுப்பு அல்லவே! அப்படியானால் மூன்றே செட்டில் எதிராளியைச் சுருட்டும் ஆணுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய வேண்டும். நூறு மீட்டர் ஓடி ஜெயிப்பவருக்குப் பதக்கத்தில் ஒரு துணுக்குதான் மிஞ்சும். 1972 அமெரிக்க ஓப்பனில் ஆண்கள் சாம்பியன் நஸ்டாசேவுக்கு 25,000 டாலர், பெண்கள் சாம்பியன் கிங்குக்கு 10,000. அவர் புலம்பிவிட்டுப் போகவில்லை. சமமாகத் தராவிட்டால் அடுத்த ஆண்டு வரமாட்டேன் என்றார். குறையும் பணத்துக்கு விளம்பரதாரரையும் பிடித்துக்கொடுத்தார். 1973-ல் பரிசு சமமானது. அதே ஆண்டு வீராங்கனைகளைத் திரட்டிச் சங்கமும் அமைத்தார். கோரிக்கையோடு கணக்கையும் கொண்டுபோவதைத்தான் நான் தலைமை என்பேன். (விம்பிள்டனுக்கு அந்தக் கணக்கு புரிய 2007 ஆனது.)

பெண்களுக்கு ஐந்து செட் தாங்காது என்பீர்களானால், 1984 முதல் 1998 வரை அவர்களுடைய ஆண்டிறுதிப் போட்டியின் இறுதி ஆட்டம் ஐந்து செட் முறையில்தான் நடந்தது. 1973 காட்சி ஆட்டத்தில் 55 வயது முன்னாள் சாம்பியன் பாபி ரிக்ஸை 29 வயது கிங் வென்றது ஒரு பெருமையா என்றும் கேட்பார்கள். வலிமைக்கு அது சான்றில்லைதான். ஆனால் அதைப் பார்க்க ஹூஸ்டன் அரங்கில் 30,000 பேருக்கு மேல் சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். அதுவும் ஐந்து செட் ஆட்டமே. கிங் மூன்றிலேயே முடித்துவிட்டார்.